பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதுவதற்கு முன்: எங்கள் பாலர் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர் அவர்களுக்கும் பள்ளியை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும்,

மார்ச் மாதக் கடைசியில் நீங்கள் கொடுத்த வளர்ச்சி அறிக்கையில், மொழி என்ற தலைப்பின் கீழ், என் மகன் "சொற்களைப் பயன்படுத்துவதில்லை, புரியாத ஒலிகளை எழுப்புகிறான்" என்று எழுதியிருக்கிறது. அதற்குச் சான்றாக, பட அட்டையைக் காட்டியபோது அவன் எழுப்பிய ஒலி ஒன்றை வகுப்பாசிரியை ஆங்கில எழுத்தில் அப்படியே குறித்து வைத்திருக்கிறார்: "கொடை". அட்டையில் என்ன படம் இருந்தது என்று பெற்றோர் சந்திப்பில் கேட்டேன். அம்ப்ரெல்லா என்றார்.

தமிழ் பேசும் வீடுகளில் குடையை வாய்ப்பேச்சில் கொடை என்றுதான் சொல்வோம். அவன் படத்தைப் பார்த்தான், அது என்னவென்று தெரிந்துகொண்டான், அதன் பெயரைச் சொன்னான், அதுவும் தமிழே தெரியாத ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாகச் சொன்னான். இத்தனையும் அவனுக்கு இருக்கும் திறமைக்குச் சான்று. உங்கள் அறிக்கையில் அதுவே அவனுடைய குறையாகப் பதிவாகி, "மேற்கொண்டு மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம்" என்ற குறிப்போடு கோப்பில் இருக்கிறது.

வகுப்பாசிரியை மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சிங்கப்பூரில், நான்கு வயதை எட்டும் பிள்ளைகள் படிக்கும் நர்சரி 2 வகுப்பில் 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அத்தனை பேருக்கு நடுவிலும் ஒரு பிள்ளை எழுப்பிய ஒலியை எழுத்துக்கு எழுத்து குறித்து வைத்த அவருடைய அக்கறையால்தான் இந்த விஷயமே வெளியே வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாததும் அவர் குற்றமில்லை. அந்தக் குறிப்பை ஒரே ஒரு நிமிடம் தமிழாசிரியரிடம் காட்டியிருந்தால் போதும், அந்த வரி அறிக்கையில் ஏறியே இருக்காது. ஆனால் காட்டுவதற்கு வழி இல்லாமல் செய்தது நீங்கள். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்த உங்கள் சுற்றறிக்கைப்படி, தமிழ், மலாய், சீனம் சொல்லிக்கொடுக்கும் தாய்மொழி ஆசிரியர்கள் எழுதிவந்த பகுதி வளர்ச்சி அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இனி வகுப்பாசிரியர் மட்டும், ஆங்கிலத்தில் மட்டும் கவனித்து எழுதுவார் என்றீர்கள். எல்லாக் கிளைகளிலும் படிவம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்பது நீங்கள் சொன்ன காரணம்.

இதைப் பற்றி உங்களுக்குத் தனியாக எழுதினேன். படிவத்தில் மாற்றம் செய்ய இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. தமிழில் எழுதுவது, இதே மாதிரி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் மற்ற தமிழ்ப் பெற்றோர்களும் படிக்கவேண்டும் என்பதற்காக.

என் மகன் ஜனவரியில்தான் உங்களிடம் சேர்ந்தான். அதுவரை பகல் முழுக்க என் மாமியாரோடு வீட்டில் இருந்தான். அவர் அவனிடம் பேசுவது தமிழ். ஆங்கிலம் அவன் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, மின்தூக்கியில், ஈரச்சந்தையில், என் கணவரும் நானும் வேலை விஷயம் பேசும்போது. ஆனால் அவனை உட்காரவைத்துக் கதை சொன்ன மொழி, பசிக்குதா என்று கேட்ட மொழி, அடம்பிடித்தால் அதட்டிய மொழி எல்லாம் தமிழ்தான். அப்படிப்பட்ட பிள்ளை திடீரென்று முழுநாளும் வேறு மொழி ஓடும் அறைக்குள் வந்தால் முதலில் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பான். சில பிள்ளைகளுக்கு அது சில வாரம், சில பிள்ளைகளுக்குப் பல மாதம். இரண்டாம் மொழிக்குள் நுழையும் சிறு பிள்ளைகளைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கட்டம் இது. இதற்கு மௌன காலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் படிவத்தில் இதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்கிறேன். மழை விட்ட ஒரு மாலையில் எங்கள் புளோக்குக்குக் கீழே, சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய சுவரில் பெரிய நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தான். "பாட்டி, கைய வைக்காத, உள்ள போயிடும்" என்றான். அப்புறம் தானே ஓர் இலையை எடுத்து அதன் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், அது சுருங்கிக்கொண்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல, பயந்துடுச்சு." கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்குக் கதவே இல்லையே பாட்டி, எப்படிச் சாத்திக்குது?" என்று கேட்டான்.

இன்னும் நான்கு வயது நிரம்பாத பிள்ளை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறான், சொன்னதைச் சோதித்துப் பார்க்கிறான், ஒரு பூச்சியைப் போன்ற உயிருக்கும் பயம் வரும் என்று புரிந்துகொள்கிறான், தன் வீட்டோடு ஒப்பிட்டு ஒரு கேள்வியை உண்டாக்குகிறான். உங்கள் அறிக்கையில் "உலகை அறிதல்" என்ற தலைப்பின் கீழ் அவனுக்கு "ஆர்வம் காட்டுவதில்லை" என்று குறியிட்டிருக்கிறது. கேள்வி கேட்காத பிள்ளை என்று அர்த்தம். நத்தையிடம் அவன் பேசியதை என் மாமியார் கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கிறார், நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

இன்னொரு வரி, "இரண்டு கட்ட ஏவல்களைப் பின்பற்ற முடியவில்லை." தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் "செருப்பைக் கழட்டி ரேக்கில வச்சிட்டு, பையை மாட்டிட்டு, கை கழுவிட்டு வா" என்கிறார் பாட்டி. மூன்றையும் வரிசை மாறாமல் செய்கிறான். ஒருநாள் செய்யாமல் ஓடினால் அது நாலு வயதுப் பிள்ளையின் குறும்பு. "மிலோ ஃபினிஷ் ஆயிடுச்சு", "லிஃப்ட்டுக்குள்ள தண்ணி இருக்கு" என்றெல்லாம் இரண்டையும் கலந்து பேசுகிறான், அதைக் குழப்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. கவனித்துப் பாருங்கள், ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் தமிழ் வேற்றுமை உருபைச் சரியான இடத்தில் ஒட்டுகிறான். குழம்பிய பிள்ளையால் இது முடியாது.

அவன் காது நன்றாகக் கேட்கிறது, பிறந்தவுடன் மருத்துவமனையில் செய்த சோதனையிலேயே பார்த்துவிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான், விரலை நீட்டிக் காட்டுகிறான், நாம் காட்டும் திசையைப் பார்க்கிறான், பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறான். பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் சுகாதாரப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிப் பட்டியலை நானே நிரப்பியிருக்கிறேன். அந்தப் பட்டியல் சிறு பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பதற்காக அமெரிக்காவில் 1967-இல் வந்த டென்வர் சோதனையை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தது. அதில் பல கேள்விகள் பெற்றோரைக் கேட்டு நிரப்பவேண்டியவை, ஏனென்றால் தாதியும் மருத்துவரும் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நாடு கொடுக்கும் புத்தகமே பெற்றோரைக் கேட்கிறது. நீங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் தலை தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு கடந்து தளர்நடை போட்டு வரும் வருகை, அப்புறம் நிலாவைக் கூப்பிடும் அம்புலி. மாதக் கணக்கு வைத்து ஒரு பிள்ளை எப்போது என்ன செய்யும் என்று பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள். பிள்ளையைக் கவனிப்பதும் குறித்து வைப்பதும் எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டுப் பெரியவர்களை ஒரு பொருட்டாக எடுத்துக் கேளுங்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சந்திப்பின் முடிவில் எங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனைதான் என்னை மிகவும் புண்படுத்தியது. இனிமேல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவனுக்குச் சுமையாக இருக்கலாம் என்றார்கள். இது தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாடு வருவதில்லை, பேச்சுச் சிகிச்சைத் துறையில் இது எப்போதோ முடிந்துபோன விவாதம். உண்மையிலேயே மொழிக் குறைபாடு இருந்தால் அது பிள்ளைக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் தெரியும். அதனால்தான் முறையாகப் பார்ப்பவர்கள் இரண்டு மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் பத்துச் சொல்லும் தமிழில் நானூறு சொல்லும் தெரிந்த பிள்ளையைப் பத்துச் சொல் பிள்ளை என்று அவர்கள் எழுதமாட்டார்கள்.

என் மாமியார் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டுக்காரர்களோடு மலாய், சந்தையில் கொஞ்சம் ஹொக்கியன், பள்ளியில் ஆங்கிலம். அவர் வளர்த்த மூன்று பிள்ளைகளும் ஆங்கிலத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறார்கள், அவரிடம் தமிழில் பேசுகிறார்கள். உங்கள் ஆலோசனையைக் கேட்ட பிறகு அவர் பேரனிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "என்னாலதான் புள்ளைக்குப் பேச்சு வரலைங்கிறாங்களே" என்கிறார். சாப்பாட்டு மேசையில் அவன் எதையோ காட்டிக் கேட்க, அவர் பதில் சொல்லத் தெரியாமல், தெரிந்த ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு நாளெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்த பேச்சை ஒரு வாக்கியத்தில் நிறுத்திவிட்டீர்கள். பேச்சு வளரவேண்டும் என்று நினைப்பவர்கள் செய்யக்கூடிய காரியமா இது?

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் எவ்வளவு உதவி செய்யமுடியும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் மகன் வேறொரு பாலர் பள்ளியில் படித்தான். அவனும் பேசவில்லை. அங்கே வகுப்பாசிரியர்கள் சொன்னது இதற்கு நேர்மாறானது: வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான் ஆங்கிலம் தாமதமாகிறது, போகப் போகச் சரியாகிவிடும். எல்லாரும் நம்பினோம். தமிழாசிரியர்தான் விடவில்லை. தமிழ் நேரத்திலும் அவன் பேசுவதில்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான், நான் சன்னலுக்கு வெளியே பறவையைக் காட்டினால் என் விரலைப் பார்க்கிறானே தவிரப் பறவையைப் பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டுதான் மருந்தகத்துக்குப் போனார்கள், அங்கிருந்து மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு, அப்புறம் ஈப்பிக் என்று எல்லாரும் சொல்லும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்துக்கு. இன்று அவன் வேண்டியதைக் கேட்டு வாங்குகிறான்.

இரண்டு பிள்ளைகளும் ஆங்கில வகுப்பறையில் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள், பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளாக. ஒருவனுக்கு உதவி தேவை, ஒருவனுக்குக் கொஞ்சம் காலம் தேவை. யாருக்கு எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர், அவன் மொழியில் அவனோடு பேசி விளையாடும் ஆசிரியர். அந்த ஒருவரைத்தான் நீங்கள் படிவத்திலிருந்து நீக்கியிருக்கிறீர்கள். இதில் தமிழ்ப் பிள்ளை மட்டும் பாதிக்கப்படுவதாகவும் நான் நினைக்கவில்லை, பாட்டியோடு மலாயில் வளரும் பிள்ளைக்கும் சீனத்தில் வளரும் பிள்ளைக்கும் இதே கதிதான். ஆனால் ஒரு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிருவர்தான் இருப்பார்கள், அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ள அந்த அறையில் வேறு பெரியவர் யாரும் இருக்கமாட்டார்.

தவறான பரிந்துரைக்கு ஒரு விலை உண்டு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிப் பிரிவுகளில் இடத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். குடையைக் கொடை என்று சொன்னதற்காக என் மகன் அந்த வரிசையில் போய் நின்றால், என் நாத்தனார் மகனைப் போன்ற ஒரு பிள்ளை அவனுக்குப் பின்னால் நிற்கவேண்டியிருக்கும். மூன்று, நான்கு வயதில் ஒவ்வொரு மாதமும் பெரிய மாதம்.

கல்வி அமைச்சு 2022-இல் புதுப்பித்த பாலர் கல்விக் கட்டமைப்பில், பிள்ளைகளைப் பல சூழல்களில், தொடர்ந்து, விளையாட்டின் ஊடே கவனித்துப் பதிவு செய்யவேண்டும் என்பதுதான் அடிப்படை. தாய்மொழிகளுக்கென்று தனிக் கட்டமைப்பும் இருக்கிறது. தமிழ் நேரத்தில் பிள்ளை எப்படிப் பேசுகிறான், எப்படி விளையாடுகிறான் என்பதை அறிக்கையில் சேர்க்காமல் பல சூழல் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஜனவரியில் பொங்கலுக்கு வேட்டி கட்டி, பானை வைத்துப் படம் எடுத்து அனுப்பினீர்கள், பிள்ளைகள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதற்கு நன்றி. அந்தப் படங்களில் என் மகன் வாயைத் திறந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் இருப்பவர் தமிழாசிரியர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது 3.3 விழுக்காடாக இருந்தது. அப்படி எஞ்சியிருக்கும் வீடுகளில் ஒன்றுக்குத்தான் தமிழை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் கேட்பவை இவை.

என் மகனின் அறிக்கையில் மொழி பற்றியும் உலகை அறிதல் பற்றியும் எழுதிய வரிகளைத் திரும்பப் பெறுங்கள். தமிழாசிரியர் அவனைச் சில வாரம் கவனித்து எழுதட்டும், வகுப்பாசிரியையும் கூட இருந்து எழுதட்டும், அதன் பிறகு உண்மையாகவே கவலைப்பட ஏதாவது இருந்தால் நானே அவனை அழைத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போகிறேன். பழைய அறிக்கை கோப்பில் இருக்கத்தான் வேண்டும் என்றால் அதோடு திருத்தத்தையும் இணைத்து வையுங்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு பாலர் வகுப்பு ஆசிரியர் அவனைப் பார்ப்பதற்கு முன்பு கோப்பைத்தான் பார்ப்பார்.

தாய்மொழி ஆசிரியர்கள் எழுதும் பகுதியை எல்லாப் பிள்ளைகளின் அறிக்கையிலும் மறுபடி சேருங்கள், தமிழ், மலாய், சீனம் மூன்றுக்கும். அவர்கள் பல கிளைகளுக்கு ஓடுகிறார்கள், நேரமில்லை என்பீர்கள். எழுதுவதற்கு நேரம் ஒதுக்கிச் சம்பளம் கொடுங்கள். அது முடியாத கிளையில், வீட்டு மொழி தெரிந்த ஒருவர் பார்க்காமல் எந்தப் பிள்ளையைப் பற்றியும் பேச்சுத் தாமதம் என்று எழுதுவதில்லை என்றாவது விதி வையுங்கள்.

அறிக்கை எழுதும் முன் வீட்டைக் கேளுங்கள். வீட்டில் என்ன மொழி, பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளை அவர்களிடம் என்ன பேசுகிறான் என்று ஒரு பக்கம் போதும். பாட்டி தாத்தாக்கள் தங்கள் மொழியிலேயே எழுதவோ சொல்லவோ முடியவேண்டும்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று இதுவரை எந்தெந்தக் குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களோ, அத்தனை பேருக்கும் அந்த ஆலோசனையைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவியுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தைத் தமிழில் எழுதி என் மாமியார் பெயருக்கே அனுப்புங்கள், அவர் படிப்பார்.

இந்தப் பருவம் மே மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இந்த மடலையும் அறிக்கையின் நகலையும் பாலர் பள்ளிகளைக் கண்காணிக்கும் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
நர்சரி 2 வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவனின் தாய்
செம்பவாங்